பறிச்ச பிறகு விசாரிக்கிறதுக்குப் பேர் விசாரணையா?

"லைசன் எண்டது உரிமை இல்லை, அரசாங்கம் தந்த சலுகை. தந்தவன் எடுப்பான். இதில கேக்கிறதுக்கு என்ன இருக்கு?"

சாரதி அனுமதிப்பத்திரம் பற்றி எங்கே கதைத்தாலும் இந்த வசனம் வந்து விழுகிறது. தேத்தண்ணிக் கடையிலும் சொல்கிறார்கள், கந்தோரிலும் சொல்கிறார்கள், நாலு எழுத்துச் சட்டம் படித்தவர்களும் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு, கதை அதோடு முடிந்தது என்பதுபோலப் பார்க்கிறார்கள். நாங்கள் இந்த வசனத்தோடு சண்டை பிடிக்கத்தான் இதை எழுதுகிறோம்.

ஓட்டோ ஓடி மூன்று பிள்ளைகளைப் படிப்பிக்கிறவரிடம் போய் இது சலுகை என்று சொல்லிப் பாருங்கள். மன்னாரிலிருந்து விடியற்காலையில் மீன் ஏற்றிக்கொண்டு வருகிறவரிடம் சொல்லுங்கள். ஹட்டன் பக்கம் தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்கும் வான்காரரிடம் சொல்லுங்கள். கொழும்பில் மழைக்குள் மோட்டார் சைக்கிளில் சாப்பாட்டுப் பொதி கொண்டு ஓடுகிற எங்கள் வயதுப் பொடியன்களிடமும் சொல்லுங்கள். அந்த அட்டை ஒரு மாதம் கையில் இல்லாவிட்டால் அவர்களுடைய வீட்டில் அடுப்பு எரியாது. லீசிங் தவணை நிற்கும். இரண்டு தவணை நின்றால் வாகனமும் போகும். சலுகை பறிபோனால் ஒருத்தர் கொஞ்சம் கவலைப்படுவார். இங்கே பறிபோவது சீவியம்.

ஒன்றை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். குடித்துவிட்டு வாகனம் ஓட்டுகிறவருக்கு வக்காலத்து வாங்க நாங்கள் வரவில்லை. இந்த நாட்டு வீதிகளில் வருடத்துக்கு 2,000 பேருக்கு மேல் சாகிறார்கள். அதில் எங்களுடைய ஆட்களும் இருக்கிறார்கள், நடந்து போனவர்களும் சைக்கிளில் போனவர்களும் இருக்கிறார்கள். ஆபத்தான சாரதியை வீதியிலிருந்து அகற்றத்தான் வேண்டும். எங்களுடைய கேள்வி வேறு. இவர்தான் அந்த ஆபத்தான சாரதி என்று யார் முடிவெடுத்தது? எதை வைத்து எடுத்தது? அவர் வாய் திறக்க முதலா, பிறகா?

"சலுகை" என்ற கதை எங்கேயிருந்து வந்தது?

இந்தச் சலுகைக் கதைக்கு ஒரு பிறப்பிடம் உண்டு. அது வேறெங்கோ இல்லை, எங்களுடைய இலங்கைதான்.

இரண்டாம் உலக யுத்தத்தை ஒட்டிய காலம். துணிக்குத் தட்டுப்பாடு. கூப்பன் இல்லாமல் துணி வாங்க ஏலாது. துணி விற்கிறவர்களுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். ஒருவர் வியாபாரியாகத் தொடரத் தகுதியற்றவர் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், துணிக் கட்டுப்பாட்டாளர் அந்தப் பத்திரத்தை ரத்துச் செய்யலாம் என்று ஒரு விதி. அந்த விதியின் கீழ் நக்குடா அலி என்ற வியாபாரியின் அனுமதிப்பத்திரம் ரத்தானது. அவர் நீதிமன்றம் போனார். வழக்கு இலண்டனிலிருந்த பிரிவிக் கவுன்சில் வரைக்கும் போனது. அந்தக் காலத்தில் எங்களுடைய வழக்குகளுக்கு அதுதான் கடைசிப் படி.

1950 இல் தீர்ப்பு வந்தது. அதில் நல்லதும் இருந்தது. நியாயமான காரணம் வேண்டும் என்று சட்டம் சொன்னால், அந்தக் காரணம் உண்மையிலேயே இருக்க வேண்டும், அதிகாரி தன் மனதுக்குள் நினைத்தால் மட்டும் போதாது என்றார்கள். ஆனால் அடுத்த மூச்சிலேயே கதவைச் சாத்தினார்கள். அனுமதிப்பத்திரத்தை ரத்துச் செய்கிற கட்டுப்பாட்டாளர் நீதிபதி மாதிரி நடக்கத் தேவையில்லை, ஒரு சலுகையைத் திரும்ப எடுக்கிற நிர்வாக வேலையைத்தான் அவர் செய்கிறார், ஆகவே நீதிமன்றம் எழுத்தாணை கொடுத்து அதைத் தட்டிவிட முடியாது என்றார்கள்.

ஒரு சின்னத் துணிக்கடைக்காரரின் வழக்கில் சொன்ன இந்த வாதம் பிரித்தானியச் சட்டம் நடந்த நாடெல்லாம் பரவியது. அனுமதிப்பத்திரம் என்றால் சலுகை, சலுகை என்றால் விசாரணை தேவையில்லை. இலங்கைக்கு வெளியேயும் பத்து வருடத்துக்கு மேல் இதைக் காட்டித்தான் பல அதிகாரிகள் தப்பினார்கள். 1963 இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, பிரைட்டன் நகரப் பொலிஸ் தலைமை அதிகாரி ஒருவரின் வழக்கில் இந்த வாதத்தைக் கிழித்தது. ரிட்ஜ் எதிர் போல்ட்வின் என்பது அந்த வழக்கு. அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்காமல் வேலையால் நீக்கியிருந்தார்கள். அது செல்லாது என்று சபை சொன்னது. நக்குடா அலி தீர்ப்பின் நியாயத்தை ரீட் பிரபு வெளிப்படையாகவே விமர்சித்தார். ஒருவருடைய உரிமையைப் பாதிக்கிற முடிவை எடுக்கிற அதிகாரம் இருந்தாலே நியாயமாக நடக்கிற கடமையும் கூடவே வரும் என்பதுதான் அங்கிருந்து வளர்ந்த சட்டம்.

ஆக, "லைசன் சலுகைதானே" என்று இன்றைக்குச் சொல்கிறவர் 1950 இல் நிற்கிறார். சட்டம் அவரை விட்டுவிட்டு அரை நூற்றாண்டுக்கு முதலே போய்விட்டது.

பாதிரியாரும் சைக்கிள் பிள்ளையும்

அனுமதிப்பத்திரம் சீவியம் என்பதைச் சாரதிகளை வைத்தே சொன்ன வழக்கு அமெரிக்காவில் இருக்கிறது. ஜோர்ஜியா மாநிலத்தில் ஒரு சட்டம். காப்புறுதி இல்லாத வாகனம் விபத்தில் மாட்டினால், மற்றவர் கேட்கிற நட்டத்துக்கு ஈடாகப் பணம் கட்டிவைக்க வேண்டும். கட்டாவிட்டால் லைசன் போகும். பிழை யாருடையது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

பெல் என்ற ஒரு பாதிரியார். மூன்று கிராமச் சபைகளுக்குக் காரில் ஓடி ஓடித்தான் ஊழியம் செய்தார். 1968 இல் ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று சைக்கிளில் வந்து அவருடைய காரின் பக்கவாட்டில் மோதியது. 5,000 டொலர் கட்டு, இல்லையென்றால் லைசனைத் தா என்றார்கள். "என்னில பிழை இல்லை, விசாரியுங்கோ" என்று அவர் கேட்டார். விசாரணை வைத்தார்கள். எப்படிப்பட்ட விசாரணை? விபத்தில் இருந்தீரா, காப்புறுதி இருந்ததா என்று மட்டும் கேட்கிற விசாரணை. பிழை யாருடையது என்பதைச் சொல்ல வந்தவருக்கு அதைச் சொல்ல இடமில்லை.

1971 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை நிறுத்தியது. ஒருமுறை லைசன் கொடுத்துவிட்டால், அதை வைத்திருப்பது அந்த ஆளின் பிழைப்புக்கே அடிப்படையாகிவிடலாம், அதற்கு உரிமை என்று பேர் வைத்தாலும் சலுகை என்று பேர் வைத்தாலும் முறையான விசாரணை இல்லாமல் பறிக்க ஏலாது என்பதே தீர்ப்பின் சாரம். எங்களுக்கு அதில் இன்னொன்றும் முக்கியம். விசாரணை என்று ஒன்றை வைத்தால் மட்டும் போதாது, எதை வைத்து முடிவெடுக்கப் போகிறார்களோ அதைப் பற்றி அந்த ஆளுக்குப் பேச இடம் இருக்க வேண்டும். கதிரை, மேசை, கோப்பு, கையெழுத்து எல்லாம் இருந்து இது மட்டும் இல்லாவிட்டால் அது நாடகம்.

அதே நீதிமன்றம் பிறகு பின்வாங்கியது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1977 இல், இலினோய் மாநிலத்து லொறிச் சாரதி ஒருவரின் வழக்கில், குற்றப்புள்ளிகள் சேர்ந்ததால் லைசனை எடுப்பதற்கு முதல் விசாரணை தேவையில்லை, பிறகு வைத்தால் போதும் என்றது. காரணம், அந்தப் புள்ளி ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஏற்கனவே ஒரு நீதிமன்றத் தீர்ப்பு இருந்தது. 1979 இல், மசாசூசெட்ஸ் மாநிலத்தில், மூச்சுப் பரிசோதனைக்கு மறுத்தவரின் லைசனை உடனே 90 நாளுக்கு எடுக்கலாம் என்றது. அங்கேயும் லைசனைக் கொடுத்த கையோடு அன்றைக்கே விசாரணை கேட்கிற வழி சட்டத்தில் இருந்தது. அப்படியிருந்தும் நீதிபதிகள் ஐந்துக்கு நாலு என்று பிரிந்தார்கள்.

நாங்கள் இதிலிருந்து எடுக்கிறது இதுதான். வெறியில் ஓட்டியவரின் லைசனை அன்று இரவே எடுக்க வேண்டி வரலாம். எடுங்கள். ஆனால் எடுத்த வேகத்திலேயே கேட்கவும் வேண்டும். பறிக்கிறதுக்கு ஐந்து நிமிஷம், விசாரிக்கிறதுக்கு ஐந்து மாதம் என்றால், அந்த ஐந்து மாதமும் தண்டனைதான். தீர்ப்பே இல்லாத தண்டனை.

குற்றம் சாட்டுகிறவரே தீர்ப்பும் சொன்னால்?

விசாரணை அறைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கக் கலிபோர்னியா நல்ல உதாரணம். அங்கே குடித்துவிட்டு ஓட்டியதாகப் பிடித்தால் பொலிஸ்காரர் லைசனை வாங்கிக்கொண்டு 30 நாளுக்கு ஒரு தற்காலிகக் கடதாசி கொடுப்பார். நீதிமன்ற வழக்கு ஒரு பக்கம் நடக்கும். லைசனை இடைநிறுத்துகிற வேலை வாகனத் திணைக்களத்தில் தனியாக நடக்கும். பத்து நாளுக்குள் விசாரணை வேண்டும் என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அந்த வாய்ப்புப் போய்விடும், முப்பதாவது நாளோடு இடைநிறுத்தம் தானாக வரும்.

விசாரணையில் கேட்கிற கேள்விகள் மூன்றுதான். வெறியில் ஓட்டுகிறார் என்று சந்தேகிக்கப் பொலிசுக்கு நியாயமான காரணம் இருந்ததா? கைது சட்டப்படி நடந்ததா? இரத்தத்தில் மதுவின் அளவு 0.08 வீதம் அல்லது அதற்கு மேல் இருந்ததா? பார்க்கச் சின்னக் கேள்விகள். ஆனால் ஒவ்வொன்றுக்குள்ளும் சண்டை பிடிக்க இடம் இருக்கிறது. மூச்சுப் பரிசோதனைக் கருவியைப் பத்து நாளுக்கு ஒருமுறை, அல்லது 150 பரிசோதனைக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்று அங்கே விதி. பரிசோதனைக்கு முதல் 15 நிமிஷம் ஆளைத் தொடர்ந்து அவதானிக்க வேண்டும், அந்த நேரத்தில் அவர் எதையும் குடிக்கவோ சத்தியெடுக்கவோ கூடாது. கருவியின் பதிவேட்டைக் கொண்டுவா என்று கேட்கலாம். அறிக்கை எழுதிய பொலிஸ்காரரைக் கூப்பிட்டுக் குறுக்குக் கேள்வி கேட்கலாம். தாளில் எழுதியது வேறு, நடந்தது வேறு என்று காட்டலாம். குற்றவாளியைத் தப்பவைக்கிற தந்திரம் என்று இதைச் சிலர் நினைக்கிறார்கள். கருவி பிழையாக இருந்தால் குடிக்காதவரும் மாட்டுவார், குடித்தவரும் தப்புவார். இந்த இரண்டையும் பிடிக்கிறதுக்குத்தான் கேள்வி.

ஆனால் அந்த அறையில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. விசாரணை அதிகாரி திணைக்களத்தின் ஊழியர். சாரதிக்கு எதிரான ஆவணங்களை முன்வைக்கிறதும் அவர்தான். சாரதியின் சட்டத்தரணி ஆட்சேபித்தால் அந்த ஆட்சேபத்தைத் தள்ளுகிறதும் அவர்தான். கடைசியில் தீர்ப்பு எழுதுகிறதும் அவர்தான். 2022 இல் அந்த மாநில மேன்முறையீட்டு நீதிமன்றம், ஒரே ஆள் திணைக்களத்துக்காக வாதாடிக்கொண்டு அதே வழக்கில் தீர்ப்பும் சொல்லுகிறது முறையான விசாரணை ஆகாது என்று சொன்னது. இவ்வளவு பணமும் இவ்வளவு சட்டத்தரணிகளும் உள்ள மாநிலத்திலேயே இதைச் சொல்ல 2022 வரை எடுத்திருக்கிறது. அப்படியானால் எங்களுடைய நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

அவ்வளவு தூரம் போகாமல் பாக்கு நீரிணைக்கு அங்கால் பார்த்தாலும் போதும். இந்தியாவின் 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 19 ஆம் பிரிவு, லைசனை முடக்குவதற்கு முதல் அந்த ஆளுக்குப் பேச வாய்ப்புக் கொடுக்க வேண்டும், காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்கிறது. 30 நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம். நடைமுறையில் எத்தனை அதிகாரி இதை மதிக்கிறார் என்பது வேறு கதை. ஆனால் மதிக்காத அதிகாரியின் முகத்துக்கு நேரே நீட்ட அங்கே ஒரு பிரிவாவது இருக்கிறது.

எங்கட வீதி, எங்கட தாள்

இனி எங்களுடைய நாட்டுக்கு வருவோம். வீதியோரத்தில் பொலிஸ் மறிக்கிறது. லைசனை வாங்கிக்கொண்டு ஒரு தாளைத் தருகிறது. உடனடித் தண்டம் என்றால் 14 நாளுக்குள் காசைக் கட்டி, பற்றுச்சீட்டைக் காட்டி லைசனை மீட்க வேண்டும். குற்றத்தை ஏற்காதவர் கட்டாமல் இருந்து நீதவான் நீதிமன்றத்தில் வழக்குப் பேசலாம். பெரிய குற்றம் என்றால் நேரே நீதிமன்றம்தான். குற்றவாளி என்று கண்டால் அங்கே அனுமதிப்பத்திரத்தை இடைநிறுத்தவும் முடியும்.

எழுத்தில் பார்த்தால் பிழை சொல்ல ஏலாது. வழக்குப் பேசுகிற உரிமை இருக்கிறது. ஆனால் எத்தனை பேர் பேசுகிறார்கள்? பேசப் போனால் ஒரு நாள் உழைப்புப் போகும். வழக்குத் தவணை போட்டால் இன்னொரு நாள் போகும். சட்டத்தரணிக்கு வேறு காசு. அதைவிடக் கட்டிவிட்டு வருவது மலிவு. அதனால்தான் பிழை செய்யாதவரும் கட்டுகிறார். "விடு மச்சான், அவங்களோட கதைச்சு வெல்ல ஏலாது, கட்டிட்டு வா." இந்த அறிவுரையை எங்களுக்குச் சொல்லாத அண்ணாவும் இல்லை, மாமாவும் இல்லை. பாசத்தில்தான் சொல்கிறார்கள். அதற்கும் மலிவான ஒரு வழி வீதியோரத்திலேயே இருக்கிறது என்பதும் எல்லோருக்கும் தெரியும். விசாரணைக்குப் போகிற வழி கஷ்டமாக இருக்கிற இடத்தில்தான் கைக்குள் வைத்துக் கொடுக்கிற வழி இலகுவாகிறது.

அடுத்தது மொழி. கையில் தருகிற தாளில் என்ன குற்றம் எழுதியிருக்கிறது என்று வாசிக்கத் தெரியாத ஒருவர் அதை எப்படி எதிர்ப்பார்? என்ன குற்றச்சாட்டு என்று தெரியாமல் கொடுக்கிற கையெழுத்துக்கு என்ன பெறுமதி? அரசியலமைப்பின் 18 ஆம் உறுப்புரை தமிழும் அரசகரும மொழி என்கிறது. 22 ஆம் உறுப்புரையின்படி, சிங்களத்தில் நிர்வாகம் நடக்கிற இடத்திலும் ஓர் அரச அதிகாரியோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் எங்களுக்கு உரித்து உண்டு. நீதிமன்றத்தில் அரச செலவில் மொழிபெயர்ப்புக் கிடைக்க வேண்டும் என்று 24 ஆம் உறுப்புரை சொல்கிறது. இவை யாரும் எங்களுக்குப் போடுகிற பிச்சையல்ல, நாட்டின் மூலச் சட்டம். "தமிழில தாங்கோ" என்று வீதியில் நின்று கேட்பதை ஏதோ அரசியல் செய்வதுபோல எங்களுடைய ஆட்களே பார்க்கிறார்கள். விளங்காத மொழியில் நடக்கிறதை விசாரணை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதில் அரசியல் எங்கே வந்தது?

யாழ்ப்பாண மாநகர சபை சொல்லித் தந்த பாடம்

"இதெல்லாம் இனத்தால வாற பிரச்சினை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகவும் நாங்கள் தயாரில்லை. யாழ்ப்பாணத்திலிருந்தே ஒரு வழக்கு இருக்கிறது. சட்டம் படிக்கிறவர்கள் உலகம் பூராகவும் அதைப் படிக்கிறார்கள். எங்களுடைய ஊரில்தான் தெரியாது.

1966 மே மாதம். யாழ்ப்பாண மாநகர சபை தன் கடமைகளைச் செய்யத் தகுதியற்றது என்று சொல்லி உள்ளூராட்சி அமைச்சர் அதைக் கலைத்தார். ஓர் ஆணையாளர் வந்து பார்த்தார், அறிக்கை கொடுத்தார், சில நாளுக்குள்ளேயே கட்டளை வந்தது. சபைக்குப் பதில் சொல்ல வாய்ப்பே இல்லை. அப்போதைய உள்ளூராட்சி அமைச்சர் மு. திருச்செல்வம். தமிழர், தமிழரசுக் கட்சியின் சார்பில் அரசாங்கத்தில் இருந்தவர். எங்களுடைய ஆள் கதிரையில் இருந்தாலும் கேட்காமல் வெட்டுகிற பழக்கம் அப்படியேதான் இருக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

மாநகர முதல்வர் வழக்குப் போட்டார். துரையப்பா எதிர் பெர்னாண்டோ என்ற அந்த வழக்கும் பிரிவிக் கவுன்சில் வரை போய், 1967 இன் சட்ட அறிக்கைகளில் இருக்கிறது. சபையைக் கலைக்க முதல் அதைக் கேட்டிருக்க வேண்டும், கேட்காதது பிழை என்று தீர்ப்புச் சொன்னது. அப்படியிருந்தும் முதல்வர் தோற்றார். ஏன்? அநியாயம் நடந்தது சபைக்கு, ஆகவே முறையிட வேண்டியது சபை, சபை வாய் திறக்கவில்லை, முதல்வர் தன் பேரில் வந்து கேட்க ஏலாது என்றார்கள். கேட்காமல் எடுத்த முடிவு பாதிக்கப்பட்டவர் எதிர்த்தால்தான் விழும், எதிர்க்காவிட்டால் நிற்கும்.

அந்தத் தீர்ப்பின் தர்க்கத்தைப் பிறகு பல சட்டவாளர்கள் விமர்சித்தார்கள். எங்களுக்கும் அதில் உடன்பாடு இல்லை. ஆனால் அதிலுள்ள எச்சரிக்கை உண்மை. பிழையான கட்டளை என்றாலும், யாரும் எதிர்க்காவிட்டால் அது சரியான கட்டளை மாதிரியே வேலை செய்யும். லைசனைத் திரும்பத் தர மாட்டார்கள், தண்டக் காசைத் திரும்பத் தர மாட்டார்கள். "கட்டிட்டு வா" என்கிற ஒவ்வொரு அறிவுரையும் அந்தக் கட்டளைக்கு இன்னொரு ஆணி அடிக்கிறது.

புள்ளி முறை வரப்போகிறது. கேட்கிறது யார்?

சாரதிகளுக்குக் குற்றப்புள்ளி முறை கொண்டுவரப் போகிறோம் என்று அரசாங்கங்கள் பல வருடமாகச் சொல்லி வருகின்றன. புள்ளி சேர்ந்து ஓர் எல்லையைத் தாண்டினால் லைசன் இடைநிறுத்தம். கொள்கையளவில் நாங்கள் இதற்கு எதிரி இல்லை. பணக்காரர் தண்டத்தைக் கட்டிவிட்டு அடுத்த நாளும் அதே வேகத்தில் ஓடுவார், புள்ளி அவரையும் பிடிக்கும். ஆனால் எங்களுடைய நாட்டில் பல பேர் குற்றத்தை ஏற்று அல்ல, அலைச்சலுக்குப் பயந்துதான் தண்டம் கட்டுகிறார்கள். அப்படிக் கட்டியதெல்லாம் புள்ளியாக மாறினால் என்ன ஆகும்? இலினோய் வழக்கில் ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு இருந்தது. இங்கே ஒரு தண்டப் பற்றுச்சீட்டுத்தான் இருக்கும்.

நிர்வாக முடிவுகளை எப்படி எடுக்க வேண்டும் என்று எல்லாத் திணைக்களங்களுக்கும் பொதுவாகச் சொல்கிற ஒரு நடைமுறைச் சட்டம் எங்களுடைய நாட்டில் இல்லை. அதனால் ஒவ்வொரு சட்டத்திலும் ஒவ்வொரு ஒழுங்குவிதியிலும் இதைத் தனித்தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். நாங்கள் கேட்பது இவை:

லைசனை இடைநிறுத்த முதல் சாரதிக்குத் தமிழிலோ சிங்களத்திலோ அவர் கேட்கிற மொழியில் அறிவித்தல் போக வேண்டும். என்ன குற்றச்சாட்டு, என்ன ஆதாரம், கருவி என்றால் அதைக் கடைசியாக எப்போது சரிபார்த்தது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

உடனே எடுக்க வேண்டிய அவசரம் என்றால் எடுக்கலாம். ஆனால் சில நாட்களுக்குள் விசாரணை நடக்க வேண்டும். நடக்காவிட்டால் லைசன் தானாகத் திரும்பி வர வேண்டும்.

பிடித்தவரும் விசாரிப்பவரும் ஒரே திணைக்களத்து ஆட்களாக இருக்கக் கூடாது. குறைந்தது ஒரே ஆளாகவாவது இருக்கக் கூடாது.

விசாரணை மாவட்டத்திலேயே நடக்க வேண்டும். முல்லைத்தீவிலிருந்து இரவு பஸ் எடுத்து நாரகேன்பிட்டிக்கு வந்துதான் வாய் திறக்கலாம் என்றால் அது வாய்ப்பே இல்லை.

முடிவை எழுத்தில், காரணத்தோடு தர வேண்டும். அதற்கு மேன்முறையீடு வேண்டும். மேன்முறையீடு முடியும்வரை, ஆபத்தில்லாத குற்றங்களுக்காவது, தொழிலுக்கு ஓடத் தற்காலிக அனுமதி வேண்டும்.

"இப்படி எல்லாரையும் விசாரிச்சுக்கொண்டிருந்தா வீதியில சனம் சாகும்" என்று ஒரு பதில் வரும். வீதியில் சனம் சாகிறது விசாரணை கூடியதாலா? விசாரணையே இல்லாமல்தானே இன்றுவரை ஓடுகிறது? பதிவோடு, ஆதாரத்தோடு, இரண்டு பக்கமும் கேட்டு நடக்கிற விசாரணையில் காசு கொடுத்துத் தப்ப இடம் குறைவு. உண்மையிலேயே ஆபத்தான சாரதிக்குத்தான் அப்படிப்பட்ட விசாரணையில் அதிகம் பயம் இருக்கும்.

அதுவரை செய்யக்கூடியது

சட்டம் மாறும்வரை சும்மா இருக்கத் தேவையில்லை. வாசிக்கத் தெரியாத மொழியில் உள்ள எதிலும் விளங்காமல் கையெழுத்து வைக்காதீர்கள், தமிழில் விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். தந்த தாளை உடனே படம் எடுத்து வையுங்கள். திகதி, இடம், உத்தியோகத்தரின் இலக்கம் குறித்து வையுங்கள். நாளை எண்ணுங்கள், நாள் தவறினால் வாய்ப்பே போய்விடலாம். எதையும் எழுத்தில் கேளுங்கள், பதிவுத் தபாலில் அனுப்புங்கள், பிரதியை வைத்திருங்கள். உங்களைப் பற்றிய பதிவையோ கருவியைச் சரிபார்த்த விபரத்தையோ 2016 ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். 14 வேலை நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். அடிப்படை உரிமை மீறல் என்றால் உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம்தான் இருக்கிறது, யோசித்து முடிக்கிறதுக்குள் அது ஓடிவிடும்.

சட்டம் படிக்கிற நண்பர்களிடம் ஒன்று கேட்கிறோம். நக்குடா அலியையும் துரையப்பாவையும் பரீட்சைக்குப் பாடமாக்கிவிட்டு மறக்காதீர்கள். கிழமைக்கு ஒரு நாள், ஓட்டோ தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசையைப் போட்டு இருங்கள். தாளை வாசித்துச் சொல்லுங்கள். கடிதம் எழுதிக் கொடுங்கள். எத்தனை நாள் மிச்சம் என்று எண்ணிச் சொல்லுங்கள். பெரிய வழக்கு எதுவும் தேவையில்லை. "நான் ஏற்க மாட்டன், என்னைக் கேட்டுப்போட்டு முடிவெடுங்கோ" என்று தமிழில் எழுதிய ஒரு கடிதம் கந்தோரில் பதிவாகட்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் அப்படி நூறு கடிதம் சேர்ந்தால், புள்ளி முறைக்கு ஒழுங்குவிதி எழுதுகிறவர் எங்களைத் தாண்டி எழுத மாட்டார்.